முதல் அசையில் பாரம்

ஒரு சொல்லுக்குள் எந்த இடத்தில் காலை ஊன்ற வேண்டும், எந்த இடத்தை மெல்லத் தாண்டிப் போக வேண்டும் என்று உங்களுக்கு யாராவது எப்போதாவது சொல்லித் தந்திருக்கிறார்களா? எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. வட்டக்கச்சிப் பள்ளிக்கூடத்தில் குறில் என்றால் குறுக்கினோம், நெடில் என்றால் நீட்டினோம், மற்றபடி எல்லா எழுத்துக்கும் ஒரே அளவாக ஒவ்வோர் அகப்பை, பந்தியில் ஒருவருக்கும் மனவருத்தம் இல்லை. நோர்வேக்கு வந்த பிறகுதான் ஒரு சொல்லுக்குள்ளேயே பெரியவர் சின்னவர் இருக்கிறது தெரிந்தது. இப்போது காலை எட்டு மணி, வெளியே இன்னும் விடியவில்லை, இந்த ஊரில் தை மாதத்தில் எட்டு மணிக்கு விடிந்தால்தான் அதிசயம். டொக்டர் கந்தோரின் தொலைபேசி திறக்கிற நேரம். எட்டடித்தவுடன் எடுத்தவருக்குத்தான் அன்றைக்கு நேரம் கிடைக்கும், பிந்தினால் நாளை, நாளையும் பிந்தினால் நாளன்றைக்கு. நான் பிந்தவில்லை, எட்டடிக்க முதலே விரலை வைத்துக்கொண்டு இருந்தேன், ஆனாலும் எனக்கு முன்னால் இந்த மீன்பிடி ஊரின் இருமல், முதுகுநோ, மூட்டுநோ எல்லாம் வரிசையில் நிற்கிறது. காதுக்குள் பியானோ வாசிக்கிறது. மடியில் ஆரபி, என் நாலு வயதுப் பிள்ளை, நெற்றி தோசைக்கல்லு மாதிரிக் கொதிக்கிறது. நான் ஒரு சொல்லை வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டு இருக்கிறேன். மெல்லொம்-எர்ரெ-பெதென்னெல்செ. நடுக்காதில் வருகிற அழற்சி. இலையுதிர் காலத்தில் முதல்முறை வந்தபோது டொக்டர் சொன்ன சொல். மூன்று சொல்லை ஒட்டி ஒன்றாக்கி வைத்திருக்கிறார்கள். ஒட்டினது பரவாயில்லை, நாங்களும்தான் ஒட்டுகிறோம், தேங்காய்ப்பால் என்கிறோம், ஒருவரும் தேங்காயை ஓங்கிச் சொல்லிப் பாலை விழுங்குவதில்லையே. இவர்களுக்கு அப்படிச் சொன்னால்தான் விளங்கும். இல்லாவிட்டால் தேங்காய் தனியாகவும் பால் தனியாகவும் இரண்டு சாமான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

பாரத்தை முதலாவது அசை எடுத்துக்கொள்ளும், மிச்சம் எல்லாம் தலையைக் குனிந்து பின்னால் போகும், இதுதான் சட்டம் என்று உன்னி சொன்னா. உன்னி எங்களுக்கு நோர்ஸ்க், இந்த நாட்டு மொழி, படிப்பிக்கிற ரீச்சர், நல்ல மனுசி, கம்பளிச் சட்டைக்குள் எப்போதும் சிரிப்பு. ஆளுக்கொரு றபர் பாண்ட் தந்தா. அழுத்துகிற இடம் வரும்போது இழுக்க வேண்டும், மற்ற இடத்தில் விட வேண்டும். பார்ர்ர்-னெஹாகெ. பாலர் பாடசாலை. சீக்-கெஹூஸ். ஆசுபத்திரி. வகுப்பில் எல்லாரும் இழுத்தார்கள் விட்டார்கள், நான் கடைசியில் இழுத்தேன், பிறகு நடுவில் இழுத்தேன், அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் இழுத்தேன், அது அறுந்து என் மூக்கில் அடித்தது. உன்னி ஓடி வந்து இன்னொன்று தந்தா. அது இப்போது எங்கள் குசினியில் கறிவேப்பிலைப் பையைக் கட்டியிருக்கிறது, அங்கேதான் அதனால் ஒரு பிரயோசனம். நெடில் குறிலில் நான்தான் வகுப்பில் முதல், அதை உன்னி கைதட்டிச் சொன்னா, ஆனால் இந்தப் பாரம் ஏற்றுகிற விசயம் என்னிடம் வராது. எங்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும் என்றால் கடைசியில்தானே ஏதாவது சேர்ப்போம், அவன்தான், அங்கேயேதான், அப்படிக் கடைசியில் போய் ஏறி நின்று பழகின வாய். கேளுங்கோ, கொன்தூர் என்று ஒரு சொல். எங்கள் கந்தோர்தான் அது, அலுவலகம், எந்தக் காலத்தில் எந்தக் கப்பலில் ஏறி எங்களிடம் வந்ததோ, இங்கே வந்து அதைக் கண்டபோது சொந்தக்காரரைக் கண்ட மாதிரி எனக்கு ஒரே சந்தோசம். தனியே நிற்கும்போது அதற்குக் கடைசியில் பாரம், கொன்-தூர். அப்பாடா, எனக்கு வசதி. ஆனால் முன்னால் டொக்டரைக் கொண்டுவந்து ஒட்டினால் லே-கெகொன்தூர். பாரம் முழுக்க முன்னால் ஓடிவிட்டது. என் சொந்தக்காரர் வாலில் தொங்குகிறார். வீட்டில் மூத்தவனுக்கே எல்லாம் என்கிற மாதிரி, நான் மூன்றாவது பெட்டை, எனக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். சரி, சட்டம் சட்டம்தான், படிப்போம் என்று இருந்தால் நத்தார் வந்தது, கிறிஸ்மஸ். நத்தாருக்கு முதல்நாளுக்கு யூல்-ஆஃப்தென், அதில் பின்னால் அழுத்துகிறார்கள். "ஏன் ரீச்சர்?" என்று கேட்டேன். "அது அப்பிடித்தான்," என்றா உன்னி. இந்த வடபகுதியின் பெயரே அப்படித்தானாம், நூர்-நோர்கெ, வடநோர்வே, அதில் நோர்கெயில்தான் அழுத்தம். நான் குடியிருக்கிற இடமே சட்டத்தை மீறின இடம். பிறகு நான் எங்கே போய் ஒழுங்காகக் கதைக்கிறது? வீட்டுக்கு வந்து என் மனுசன் பிரதாபனிடம் சொன்னால் சிரிக்கிறார். "நீர் கதைக்கேக்கை எல்லா எழுத்துக்கும் ஒரே சம்பளம் குடுக்கிறீர். உம்மட்டை வேலை செய்யிற எழுத்துகள் குடுத்து வைச்சதுகள்," என்கிறார். அவருக்கென்ன, மீன் வெட்டுகிற மெசின் போடுகிற சத்தத்தில் அவர் எங்கே அழுத்தினாலும் ஒருவருக்கும் கேட்காது. கையைக் காட்டினால் போதும், கட்டைவிரலைத் தூக்கினால் போதும். தொலைபேசியில் கட்டைவிரலை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

பியானோ நிற்கிறது, ஒரு பெண் குரல், மெசின் குரல், எவ்வளவு வடிவாகச் சொல்லுகிறாள், தீ-மெபெஸ்திலிங், டொக்டரிடம் நேரம் பதிகிறது, முன்னால் ஏறி நின்றுவிட்டு மிச்சத்தில் வழுக்கிக்கொண்டு போகிறாள், பனிச்சறுக்கில் போகிற பிள்ளைகள் மாதிரி. காத்திருக்கச் சொல்லுகிறாள். திரும்பப் பியானோ. உயிருள்ளவள் எடுத்தால் முதலில் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்து முழுதாகச் சொல்லி முடித்த பிறகு, "ஹே?" என்பாள். அந்த ஒரு ஹே. நெருப்பில் போட. மன்னிக்கவும் இல்லை, திரும்பச் சொல்லுங்கோ இல்லை, ஹே. இவர்களுக்குள்ளும் அப்படித்தான் கேட்கிறார்கள், மரியாதைக்குறைவு ஒன்றுமில்லை என்று உன்னி சொன்னா, மூளைக்கு விளங்குகிறது, வயிற்றுக்கு விளங்கவில்லை. அந்த ஹே வந்தவுடன் என் குரல் சின்னனாகிவிடும். சின்னனான குரலில் எந்த எழுத்தில் பாரம் ஏற்றுவது? போன கிழமையும் இதேதான். காது நோகுது என்று சொன்னேன், ஹே வந்தது, திரும்பச் சொன்னேன், அவள் பாவம் பார்த்து இங்கிலீசுக்கு மாறிவிட்டாள். நான் நோர்ஸ்க்கில் ஒரு சொல்லைத் தேடி எடுத்துத் துடைத்து நீட்டுகிறேன், அதைத் தட்டிவிட்டு இங்கிலீசைக் கொட்டுகிறாள். எனக்கு இங்கிலீசு எங்கே இருந்து வரும்? எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீசு ரீச்சர் வரவேயில்லை, அந்தப் பாடத்துக்குக் கத்தரிக்கன்றுக்குத் தண்ணி ஊற்றினோம். ஃபீவர் என்றாள், அது தெரியும். மண்டே என்றாள், ஓக்கே என்றாள். இடையிலே ஓடினது ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை. நான் என்ன செய்தேன், எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிறதைத்தான் செய்தேன். யா, யா, யா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு மனுசி கதைத்துக்கொண்டு இருக்கும்போது ஓம் ஓம் என்று சொல்லாமல் கல்லு மாதிரி இருக்கிறதா? ஓம் என்றால் சம்மதம் என்று யார் சொன்னது? ஓம் என்றால், நான் இங்கேதான் இருக்கிறன், கேக்குது, நீங்கள் சொல்லுங்கோ. அவ்வளவுதானே. திங்கட்கிழமை வரச் சொல்லுகிறாள் என்று நினைத்து, திங்கட்கிழமை ஆரபியைச் சறுக்கு வண்டியில் இருத்தி, காதுக்கு மேலே இரண்டு தொப்பி போட்டு, பனிக்குள்ளால் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பெயர் இல்லையே, என்றாள். திங்கள் வரைக்கும் பொறுத்துப் பார்ப்போமா என்று கேட்டதற்கு யா என்றீர்களே. மூன்று தரம் சொன்னீர்களே. கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னாள், அதுதான் இன்னும் எரிச்சல். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். அன்றைக்குக் காய்ச்சலும் இல்லை, ஆரபி சறுக்கு வண்டிச் சவாரி என்று சிரித்துக்கொண்டு இருந்தாள், சிரிக்கிற பிள்ளையைக் காட்டி என்ன வாதாடுகிறது. நானும் யா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். திரும்பவும் யா. என் வாயை என்ன செய்யலாம் சொல்லுங்கோ.

ஆரபி சிணுங்குகிறாள், முதுகில் தட்டுகிறேன். இந்தப் பிள்ளைதான் எனக்கு வாய்த்த பெரிய வாத்தியார். பாலர் பாடசாலையில் மற்றப் பிள்ளைகளின் தாய்மாருக்கு முன்னால், கடையில் காசு வாங்குகிற பெட்டைக்கு முன்னால், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அம்மா, அப்பிடி இல்லை. இப்பிடி. இன்னொருக்காச் சொல்லுங்கோ." நான் சொல்லுவேன். "இல்லை! முன்னுக்கு, அம்மா, முன்னுக்கு!" தயிர் வாங்கப் போனால் தயிர் வாங்கிக்கொண்டு வர விடமாட்டாள், பரீட்சை வைப்பாள், பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒரு நாள் பேருந்து ஓட்டுகிற மனுசனுக்கே, "மம்மா பிழையாத்தான் சொல்லுவா, நான் சொல்லுறன்," என்று மொழிபெயர்த்தவள். நான் பெற்றது, என் இடுப்பில் இருந்து கொண்டே என்னைத் திருத்துகிறது. எத்தனை தரம் எரிச்சல் வந்தது, எத்தனை தரம் அடக்க முடியாமல் நானும் சிரித்தேன். இப்போது யோசித்தால், அவள் கடைசியாக என்னைத் திருத்தினது எப்போது? ஞாயிற்றுக்கிழமை திருத்தினாளா? நேற்று நான் பாலர் பாடசாலைக்கு எடுத்து, பிள்ளைக்குச் சுகமில்லை வரமாட்டாள் என்று சொன்னேன், கட்டாயம் பிழையாகத்தான் சொல்லியிருப்பேன், பக்கத்தில் இருந்து படம் கீறிக்கொண்டு இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அப்பாடா, இன்றைக்கு வாத்தியார் லீவு என்று நினைத்தேன். நினைத்தேனே. இன்றைக்கு விடிய எழும்பித் தலையணையைப் பார்த்தால் இடது பக்கத்தில் மஞ்சளாக ஒரு கறை, காதிலிருந்து வடிந்திருக்கிறது. பிரதாபன் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு இருந்தவர், "நான் இடைவேளைக்குள்ளை எடுக்கிறன், நீர் கஷ்டப்படாதையும்," என்றார். அவருடைய இடைவேளை வருவதற்குள் இன்றைய நேரம் எல்லாம் பறந்துவிடும். "நானே எடுக்கிறன், நீங்கள் போங்கோ," என்று அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு இடது பக்கம் நின்று ஆரபி என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. நித்திரைக் கலக்கம் என்று திரும்பக் கூப்பிட்டேன். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வலது பக்கம் போனால் என்னம்மா என்கிறாள். வந்தது காய்ச்சல், வடிந்தது சீழ், இதெல்லாம் மருந்துக்குப் போகும். ஆனால் அந்தக் காது? இந்த ஊர்ச் சத்தத்தை எல்லாம் ஒன்று விடாமல் பிடித்து, எனக்கு எட்டாத பாரத்தை எல்லாம் எங்கே எங்கே இருக்கிறது என்று நிறுத்துச் சொன்ன அந்தக் குட்டிக் காது. நான் மூன்று தரம் யா சொன்னதால், இல்லை, அப்படி ஒன்றும் ஆகாது, பிள்ளைகளுக்கு வருகிறதுதான், உன்னியின் பேரனுக்குக்கூட வந்ததாம், மாறியதாம். மாறும். மெல்லொம்-எர்ரெ-பெதென்னெல்செ. பிழை. மெல்லொம்-எர்-ரெ. அதுவும் பிழை. மடியில் கிடக்கிற வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. வலது காது என் வயிற்றோடு அமுங்கியிருக்கிறது, இடது காது மேலே, அதற்கு நேராக நான் பிழை பிழையாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறேன், ஒரு முகச்சுளிப்புக்கூட இல்லை. கை தன்பாட்டில் தட்டுகிறது. பிள்ளையைத் தட்டி நித்திரையாக்கும்போது ஒருவரும் ஒரே அளவாகத் தட்டுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா, நான் இன்றைக்குத்தான் கவனிக்கிறேன். முதலாவது கொஞ்சம் பாரமாக விழுகிறது, பிறகு மெதுவாக, மெதுவாக. திரும்பப் பாரமாக ஒன்று. அட, இது கைக்குத் தெரிந்திருக்கிறது, வாய்க்குத்தான் தெரியவில்லை. மெல்-லொம்எர்ரெபெதென்னெல்செ. தட்டி, விட்டு விட்டு விட்டு. வாயைக் கையின் பின்னால் அனுப்புகிறேன். மெல். மெல். பியானோ நிற்கிறது.

மெசின் இல்லை, மனுசி. பெயரைச் சொல்லி ஏதோ கேட்கிறாள். என் வாயில் காலை வணக்கம், எப்படிச் சுகம், கரைச்சல் தருகிறேன் என்று நினைக்க வேண்டாம், எல்லாம் வரிசையாக ஏறி நிற்கிறது, நாங்கள் அப்படித்தானே, சொல்ல வந்த விசயத்தைச் சோற்றுக்கு அடியில் பொரியல் வைத்த மாதிரிக் கடைசியில் வைத்திருப்போம். இவர்களுக்குக் கதையிலும் பாரம் முன்னால்தான். முன்னுக்கு, அம்மா, முன்னுக்கு. பிள்ளையின் முதுகில் தட்டுகிறேன். மெல்-லொம்எர்ரெபெதென்னெல்செ, என்கிறேன். என் மகள். நாலு வயது. "ஹே?" என்கிறாள். ஹேயாம். இவ்வளவு பாடுபட்டும் ஹே. குரல் சின்னனாகப் பார்க்கிறது, அதற்குள் அவள் இங்கிலீசில் ஓடத் தொடங்கிவிட்டாள், எனக்குச் சுர்ரென்று கோபம் வருகிறது, வந்தது நல்லதுக்குத்தான். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது, நோர்ஸ்க்கில் சொல்லுங்கோ, ஆனால் மெதுவாக, என்கிறேன் நோர்ஸ்க்கில், கொஞ்சம் பலமாகத்தான் வந்துவிட்டது, மீன் சந்தையில் வருகிற மாதிரி. பிறகு அந்தச் சொல்லை இன்னொரு தரம், முதுகில் தட்டி. ஆ, என்கிறாள், அந்தச் சொல்லை அவளே திரும்பச் சொல்லுகிறாள், விளங்கிவிட்டது, அல்லது சத்தத்துக்குப் பயந்து விளங்கிக்கொண்டாள், எனக்கு எதுவானாலும் சரி. காய்ச்சல் இருக்கா என்கிறாள். இருக்கு. தண்ணி குடிக்கிறாளா. குடிக்கிறாள். காதிலிருந்து வடியுது, என்கிறேன், இந்தப் பக்கம் கூப்பிட்டால் கேக்குதில்லை. கணினியில் தட்டுகிற சத்தம். பிறகு, இன்றைக்கு எல்லாம் நிறைஞ்சு போச்சு, நாளைக்குக் காலமை வரைக்கும் பொறுக்கலாமா, என்று இதமாகக் கேட்கிறாள். அவள் கேட்டு முடிக்க முதலே அந்த யா என் தொண்டையில் ஏறி வந்துவிட்டது, நாக்கின் நுனியில் நிற்கிறது, மரியாதையாக, தலையைக் குனிந்துகொண்டு. விழுங்குகிறேன். நை, என்கிறேன். ஒரே ஒரு அசை. முன்னும் பின்னும் பார்க்கத் தேவையில்லை, முழுப் பாரமும் அதிலேதான். பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன், ஓம் இல்லை, யா இல்லை, ம்ம் கூட இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு பெரிய மனுசி கதைக்கிறா, நான் கல்லு மாதிரி இருக்கிறேன், இதை என் அம்மா கண்டால் குட்டுவா. அவளுக்கே பயம் பிடித்துவிட்டது. "ஹலோ? இருக்கிறீங்களா?" இருக்கிறன், இண்டைக்கு வேணும், என்கிறேன். திரும்பத் தட்டுகிற சத்தம், யாரிடமோ கேட்கிற சத்தம். ஒன்பது மணிக்கு முதல் வர முடியுமா? இதற்குத்தான் யா. இதற்கு வாய் நிறைய யா, எத்தனை வேண்டுமானாலும்.

தொலைபேசியை வைத்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது, எதற்கும் நேரமில்லை. கம்பளி உள்ளுடுப்பு, அதற்கு மேலே பனி உடுப்பு, வலது கால், இடது கால், பிள்ளை சோர்ந்து போய் மாவுருண்டை மாதிரி வளைகிறாள், சப்பாத்து எங்கே, மற்றச் சப்பாத்து எங்கே, எப்போதும் ஒன்றுதான் கிடைக்கும். சறுக்கு வண்டி வாசலில் பனி மூடிக் கிடக்கும், அதைத் தட்ட வேண்டும். அங்கே போனால் அந்தச் சொல்லைத் திரும்பக் கண்ணாடிக்கு முன்னால் சொல்ல வேண்டும், டொக்டருக்கு முன்னால் இன்னொரு தரம், பிறகு பிரதாபனுக்கு விளங்கப்படுத்த வேண்டும். சொல்லுவோம். பனி உடுப்பின் ஸிப்பை மேலே இழுக்கும்போது தொப்பி இன்னும் போடவில்லை, இடது காது சிவந்து வீங்கி எனக்கு முன்னால் இருக்கிறது. அதற்குக் கிட்டக் குனிகிறேன். மெல்லொம்-எர்ரெ-பெதென்னெல்-செ, என்கிறேன், வேண்டுமென்றே, முழுப் பாரத்தையும் கொண்டுபோய்க் கடைசியில் போட்டு, உன்னி கேட்டால் றபர் பாண்டால் அடிப்பா, அவ்வளவு மோசமாக. ஆரபி சுவரில் தொங்குகிற என் மேலங்கியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முட்டுக்காலில் நகர்ந்து வலது பக்கம் போகிறேன், முடியை ஒதுக்குகிறேன், அந்தக் காதுக்குள் அதே பிழையை அப்படியே இன்னொரு தரம் சொல்லுகிறேன். கண் மெல்ல என் பக்கம் திரும்புகிறது. "பிழையெண்டு சொல்லு, குஞ்சு," என்கிறேன். "அம்மா பிழையாச் சொல்லுறா எண்டு ஒருக்காச் சொல்லு."